இரத்தசாட்சி: காவலர் துக்காராம் ஓம்ப்ளே

‘இரத்தசாட்சி’ என்னுஞ் சொல் நம் ஆலயங்களிலும் வேதபாட வகுப்புகளிலும் பெரிதும் வழங்குவது. முதல் இரத்தசாட்சியாகிய ஸ்தேவானின் வரலாற்றை நம்மிற் பலர் ஓய்வுநாட் பள்ளியிலேயே கேட்டறிந்திருக்கின்றோம். ஆயினும், அச்சொல்லின் ஈற்றில் நிற்கும் ‘சாட்சி’ என்பதைக் கருதிப் பார்த்தார் சிலரே. உயிர் கொடுத்தவனைச் சாட்சி என்பானேன்? கிரேக்க மொழியில் ‘மார்ட்டுஸ்’ என்பது, வழக்குமன்றத்தின்கண் தான் அறிந்ததை எடுத்துரைக்க நிற்பவனுக்கே முதற்கண் பெயராய் இருந்தது. பின்னரே, தன் விசுவாசத்தை மறுதலியாது மாண்டவனை அது குறிக்கலாயிற்று. அரபு மொழியிலும் செய்தி அங்ஙனமே. ‘ஷஹீத்’ என்னுஞ் சொல்லின் வேர்ப்பொருளும் சாட்சி என்பதாம். உருதுவிலும் இந்தியிலும், போரிலேனும் கடமையிலேனும் உயிர் துறந்தாரைக் குறிக்க இன்று வழங்குவது அச்சொல்லே.

வேறு வேறு நாட்டில், வேறு வேறு சமயத்தாரிடையே வளர்ந்த இம்மொழிகள், இறந்தாரையும் சாட்சி கூறுவாரையும் ஒரு சொல்லாற் குறித்தது மொழிநூல் பயில்வார்க்கு இன்பந் தருவதொன்றே. எனினும், யாம் ஈண்டு எழுதப் புகுந்தது சொல்லாராய்ச்சி அன்று. அச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே வந்து பொருந்திய ஒரு மனிதரின் முடிவைப் பற்றி எழுதவே புகுந்தோம். அவர் துக்காராம் ஓம்ப்ளே என்பார்; மும்பை நகரப் போலீஸ் படையில் அஸிஸ்டெண்டு ஸப்-இன்ஸ்பெக்டராய் இருந்தவர். 2008ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் இரவு பணி ஏற்று, நள்ளிரவு கழிந்து சிறிது நேரத்தில், கடற்கரைச் சாலையொன்றில் சுடப்பட்டு வீழ்ந்தார்.

மராட்டிய நாட்டுச் சாத்தாரா மாவட்டத்தைச் சேர்ந்த கேடம்பே என்னுஞ் சிற்றூர் அவர் சொந்த ஊர். ‘துக்காராம்’ என்பது அந்நாட்டில் மிகப் பலர்க்கு இடப்படும் பெயர். பதினேழாம் நூற்றாண்டிற் பத்திப் பாடல்கள் பாடிய பெரியார் ஒருவரின் பெயர் அது. (மராத்தியக் கிறிஸ்தவக் கவிஞராகிய நாராயண வாமன திலகர் அப்பாடல்களில் ஆழத் தோய்ந்தவர் என்பதை, கீர்த்தனை வரலாறு கற்பார் அறிந்திருத்தல் நன்று.) நம் ஓம்ப்ளே முதலில் இந்தியத் தரைப்படையின் ஸிக்னல் பிரிவிற் பணி புரிந்து, நாயக் என்னும் நிலையில் ஓய்வு பெற்றார். பின்னர் 1991ஆம் ஆண்டில் மும்பைப் போலீஸில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தார். ஆகவே, போர்வீரனுக்கும் போலீஸ்காரனுக்கும் உரிய இரு தொழிலையும் அவர் கற்றவர். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் நடுநாடி என்று கூறினும் பொருந்தும்.

அவ்விரவில் மும்பையில் நிகழ்ந்தவற்றை இவ்விதழ் படிப்போர் அறிவராதலின், அவற்றைச் சுருங்கக் கூறி மேற்செல்வோம். பாகிஸ்தானத்திலிருந்து கடல்வழியாக வந்த பதின்மர் சிறு குழுவினராய்ப் பிரிந்து, புகைவண்டி நிலையம், உணவுவிடுதிகள், யூதர் தங்கும் இல்லம் முதலியவற்றிற் புகுந்து, 29ஆம் நாள் காலைவரை 166 உயிர்களைப் பறித்தனர். அவருள் இருவர், அஜ்மல் கஸாபும் அவன் தோழன் அபு இஸ்மாயிலும், சத்திரபதி சிவாஜி புகைவண்டி நிலையத்தில் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோரைச் சுட்டு வீழ்த்திவிட்டு, காமா மருத்துவமனைப் பக்கம் ஓடினர். ஆங்கு ஒரு சந்தில், உயர்நிலைப் போலீஸ் உத்தியோகஸ்தராகிய ஹேமந்த் கர்க்கரே, அசோக் காம்தே என்னும் இருவரும், இன்ஸ்பெக்டர் விஜய் சாலஸ்கரும், உடன்சென்ற காவலர் சிலரும் அவர்களாற் கொல்லப்பட்டனர். கொலைஞர் அப்போலீஸ் வண்டியையே கைப்பற்றிச் செலுத்தினர். அதன் சக்கரம் பழுதுற்றபின் வழியில் வந்த ஸ்கோடா மோட்டார் ஒன்றைப் பறித்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் விரைந்தனர்.

போலீஸ் வண்டியின் பின்புறத்தே, இறந்த தோழரிடையே, குண்டு பாய்ந்த கான்ஸ்டபிள் ஒருவர் உயிரோடு கிடந்தார். அவரை இறந்தார் என்றே கொலைஞர் எண்ணிவிட்டனர். அவர்கள் வண்டியை விட்டகன்றபின் அவரே வயர்லெஸ் மூலம் செய்தி அனுப்பினார். ஸ்கோடா வண்டியைப் பற்றிய குறிப்பும் நகரமெங்குஞ் சென்றது. இங்ஙனம் ஒரு காவலர் சொல்லி விட்ட சொல், கிர்காம் சௌபாத்தியில் தடையிட்டு நின்ற மற்றொரு காவலர் கூட்டத்தினை எட்டியது. அவர்கள் டி.பி. மார்க் போலீஸ் நிலையத்தைச் சேர்ந்தவர்கள். ஓம்ப்ளே அவருள் ஒருவர்.

வண்டி தடைக்குச் சிறிது தொலைவில் நின்றது. ஓட்டி வந்தவன் முகவிளக்குகளை முழுதும் ஒளிரவிட்டு, எதிர்நின்றார் கண்ணைக் கூசச் செய்தான். பின்னர்த் திடீரெனத் திரும்பித் தப்ப முயல, வண்டி சாலையின் நடுச்சுவரில் ஏறிச் சிக்கிக்கொண்டது. இரு பக்கத்தும் குண்டுகள் பறந்தன. ஓட்டி வந்த இஸ்மாயில் சுடப்பட்டு மாண்டான். இடப்பக்கத்துக் கதவின் வழியே இறங்கிய கஸாபோ, பணிந்தான் போலத் தோன்றினான். காவலர் நெருங்கினர். அப்பொழுது அவன் தன் தானியங்கித் துப்பாக்கியை நிமிர்த்தினான். ஓம்ப்ளேயின் கையில் இருந்தது லத்திக்கம்பு ஒன்றே. அவர் பாய்ந்து, அத்துப்பாக்கியின் குழலை இரு கையாலும் பற்றிக்கொண்டார். கஸாப் விசையை இழுத்தான். பல குண்டுகள் அவர் உடலிற் பாய்ந்தன. அவர் பிடி மட்டும் தளரவில்லை. உடனிருந்த உதவி இன்ஸ்பெக்டர் ஒருவரும் காயமுற்றார். பின்னின்ற காவலர் ஓடிவந்து, தடிகளால் அடித்து, கஸாபை உயிரோடு பிடித்தனர். அவன் நாயர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். வந்த பதின்மருள் உயிரோடு அகப்பட்டவன் அவன் ஒருவனே.

இந்நிகழ்ச்சியைக் கேட்டார் யாவரும் ஓம்ப்ளேயின் வீரத்தை வியக்கின்றனர். வியத்தற்குரியதே. ஆயினும், ‘வீரம்’ என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிடின் அவர் செய்ததை நாம் பாதியே அறிந்தவராவோம். போர்வீரனும் வீரத்தோடு உயிர் விடுகின்றான். ஆனால், எதிரியை அழித்தலே அவன் தொழில். போலீஸ்காரனின் தொழில் அஃதன்று. குற்றஞ் செய்தான் எனக் கருதப்படுபவனைப் பிடித்து, நியாயாதிபதியின் முன் நிறுத்துதலே அவன் தொழில். தீர்ப்புக் கூறுதலும் தண்டித்தலும் வேறொருவர் வேலை. இவ்வெல்லைக் கோட்டை எத்தனையோ காவல்நிலையங்களில் எத்தனையோ கைகள் மீறியதுண்டு. லத்தியைக் கண்டு ஏழை மக்கள் அஞ்சுவது காரணமின்றியன்று. அதனை மறைத்துவிட்டுப் போலீஸாரைப் புகழ்தல் உண்மைக்கு மாறாகும். அவ்வச்சத்தை அறிந்தே இவரை நினைக்கின்றோம்.

கைது செய்தல் என்பது யாது? அன்று நடப்பில் இருந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு அதற்கு மிக எளியதோர் இலக்கணம் கூறுகின்றது. பிடிக்கப்படுபவன் சொல்லாலேனும் செய்கையாலேனும் தானே அடங்கினாலன்றி, பிடிக்கும் அதிகாரி அவன் உடலைத் தொடவேண்டும், அல்லது தடுத்து அடைக்கவேண்டும் என்பது அதன் கருத்து. இவ்விதி புதியதன்று, ஆங்கிலேயர் 1898ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்திலும் அதே எண்ணோடு இருந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தில் 43ஆம் பிரிவாக நிற்கின்றது. நூற்றாண்டு கடந்தும் மாறாத விதி இது. அரசின் முழு வல்லமையும் ஒரு மனிதனின் கை மற்றொரு மனிதனின் மேற்படுதலில் வந்து முடிகின்றது என்பதை இவ்விதியைப் படித்தபொழுதே யாம் உணர்ந்தோம். ‘கைது’ என்னுஞ் சொல், பலர் நினைப்பது போலக் ‘கை’ என்பதன் அடியாகப் பிறந்ததன்று. ‘கைத்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. ஆயினும், கிர்காம் சௌபாத்தியில் நிகழ்ந்ததைக் கேட்டபின், அது நம் தமிழ்க் ‘கை’யே என்று கொள்ளவும் மனம் விழைகின்றது. எம் பேராசிரியர் மன்னிப்பாராக.

அக்கணத்தில் ஓம்ப்ளே சட்டப் பிரிவை எண்ணினார் என்று கூற யாம் துணியோம். தம் பின்னே நின்ற தோழரின் மேற் குண்டு படாதிருத்தல் வேண்டும் என்பதே அவர் நெஞ்சில் முந்தி நின்றிருத்தலுங் கூடும். எவ்வாறாயினும், அவர் செய்கை காவலர் தொழிலின் இலக்கணத்தோடு முழுதும் ஒத்திருந்தது. கஸாபும் சுடப்பட்டு மாண்டிருப்பின், அவ்விரவில் எவரும் குறை கூறியிரார். ஆனால், பதின்மரும் பேசாப் பிணங்களாய்க் கிடந்திருப்பின் நிகழ்ந்திருக்கக் கூடியதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வந்தவர்கள் தம்மிடம் பொய்ப் பெயர் பொறித்த அடையாளச் சீட்டுகளை வைத்திருந்தனர். கஸாபிடம் இருந்தது, அவனை ஹைதராபாத்திற் பயிலும் ஒரு மாணவனாகக் காட்டுவது. அதில் இருந்தது ஓர் இந்துப் பெயர். நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கல்லூரிச் சீட்டு ஒன்று கிடக்கின்றது. அதைப் போன்றதோர் அட்டையை ஒருவன் கொலைக்களத்திற்குக் கொண்டுசென்றான் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு உடல் கூசுகின்றது. அவன் இறந்திருப்பின் அவ்வட்டையே பேசியிருக்கும். அது கூறும் பொய்யினின்று எத்தனை ஐயங்களும், எத்தனை பழிவாங்கல்களும் கிளைத்திருக்கும் என்பதை, நம் நாட்டின் கலவர வரலாற்றைக் கற்றார் உய்த்துணரலாம். அவன் உயிரோடிருந்தமையால் அட்டை வாய்மூடிற்று. அவன் பெயர், ஊர், பயிற்சி பெற்ற இடங்கள், ஏவினார் யாவர் என்பன அவன் வாயிலிருந்தே வெளிப்பட்டன. முதலில் மறுத்த பாகிஸ்தான அரசினரும், அவன் தம் நாட்டவனே என்று 2009ஆம் ஆண்டு ஜனவரியில் ஒப்புக்கொண்டனர். சதியின் ஒரு பகுதி தம் மண்ணில் உருவாயிற்று என்பதையும் அடுத்த திங்களில் ஏற்றனர்.

ஈண்டுத்தான் நாம் முதலிற் கூறிய சொல் திரும்ப வருகின்றது. கஸாபையும் அவன் தோழரையும் அனுப்பினோர், ‘ஷஹீத்’ ஆவீர் என்று கூறியே அனுப்பினர். சாட்சி என்னும் பொருளுடைய அச்சொல்லை, எதற்கும் சாட்சி எஞ்சாதவாறு பிறரைக் கொன்று தாமும் மடிதலுக்குப் பெயராக்கினர். ஓம்ப்ளே தம் உயிரைக் கொடுத்து, அவருள் ஒருவனை உண்மையிலேயே சாட்சியாக்கினார். மடிய வந்தவன் வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்டு வினாவப்பட்டான். இறந்தவரோ, தம் குருதியால் அதற்கு வழி திறந்தவர். இருவருள் எவர்க்கு அப்பெயர் தகும் என்பதை விளக்கவேண்டுவதில்லை.

வழக்கு, மும்பை ஆர்தர் ரோடு சிறைக்குள்ளேயே அமைக்கப்பட்ட தனி நீதிமன்றத்தில், நீதிபதி தஹிலியானியின் முன் 2009ஆம் ஆண்டில் நடைபெறத் தொடங்கிற்று. இவனுக்காக வாதாட மாட்டோம் என்று வழக்கறிஞர் பலர் மறுத்தபொழுதும், நீதிமன்றமே அவனுக்கு வழக்கறிஞரை அமர்த்திற்று. நூற்றுக்கணக்கான சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 2010ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் அவன் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. மூன்று நாள் கழித்து மரணதண்டனை விதிக்கப்பட்டது. அதே தீர்ப்பில், அவனோடு சேர்த்துக் குற்றஞ்சாட்டப்பட்ட இந்தியர் இருவர், குற்றம் ஐயமற மெய்ப்பிக்கப்படவில்லை என்று விடுதலை பெற்றனர். நாடே கொதித்திருந்த காலத்தில் ஒரு நீதிபதி இங்ஙனம் தீர்ப்பளித்தது சிறியதொரு காரியமன்று. பம்பாய் உயர்நீதிமன்றம் 2011ஆம் ஆண்டிலும், டெல்லி உச்சநீதிமன்றம் 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாளிலும் அத்தீர்ப்பை உறுதி செய்தன. 2012 நவம்பர் 21ஆம் நாள் புனே நகர் எரவாடாச் சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான். மரணதண்டனை கிறிஸ்தவ நெறிக்கு ஒக்குமா என்பதுபற்றி எம் விடுதியில் ஓர் இரவு நெடுநேரம் வாதம் நிகழ்ந்தது. விளக்கணைக்கும் மணி அடித்தும் ஒருமித்த கருத்து ஏற்பட்டிலது; ஆதலின் அதனை ஈண்டு விடுப்போம்.

உச்சநீதிமன்றத் தீர்ப்பில் ஒரு பகுதி மட்டும் நம் கருத்திற்கு உரியது. தனக்குத் தொடக்கத்திலேயே வழக்கறிஞர் துணை கிடைக்கவில்லை என்று கஸாபின் சார்பில் முறையிடப்பட்டது. நீதிபதிகள் அதனை எள்ளித் தள்ளாது, விரிவாக ஆராய்ந்தனர். அவன் வழக்கில் அதனால் தீங்கு நேர்ந்திலது என்று முடிவு கூறினர். ஆயினும் அவ்வளவில் நில்லாது, இனிமேல் கைதான எவனும் முதன்முதல் மாஜிஸ்ட்ரேட்டின் முன் நிறுத்தப்படும்பொழுதே, வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமை அவனுக்கு உண்டென்பதையும், பொருளற்றவனாயின் அரசின் செலவில் ஒருவர் அமர்த்தப்படுவார் என்பதையும் அவனுக்கு அறிவித்தல் மாஜிஸ்ட்ரேட்டின் கடமை என விதித்தனர். ஆகவே, இன்று எங்கோ ஒரு சிற்றூரில், கோழி திருடினான் என்று பிடிக்கப்பட்டு, கைகட்டி நிற்கும் ஓர் ஏழைக்கு அவன் உரிமை எடுத்துக் கூறப்படுமாயின், அதன் வேர் கிர்காம் சௌபாத்தியில் ஒரு கை விடாது பற்றியதில் இருக்கின்றது. ஓம்ப்ளேக்கு எழுப்பிய நினைவுச் சின்னங்களுள் இதனை ஒருவரும் எண்ணுவதில்லை. யாம் இதனையே முதலாவதாக எண்ணுகின்றோம்.

பிற சின்னங்களும் உண்டு. 2009ஆம் ஆண்டுக் குடியரசு நாளில் அசோக சக்கர விருது அவர்க்கு வழங்கப்பட்டது. அமைதிக் காலத்து வீரச் செயலுக்கு இந்திய அரசு அளிக்கும் விருதுகளுள் அதுவே தலையாயது. அவர் வீழ்ந்த கடற்கரையில் அவர்க்குச் சிலை நிற்கின்றது. கேடம்பேயில் நினைவில்லம் எழுப்ப மராட்டிய அரசு 2025ஆம் ஆண்டிற் பொருள் ஒதுக்கியது.

கடமையில் இறந்த காவலர்க்கென இந்நாட்டில் ஒரு பொது நாளும் உண்டு. அஃது அக்டோபர் 21. 1959ஆம் ஆண்டு அந்நாளில், லடாக்கின் ஹாட் ஸ்ப்ரிங்ஸ் என்னும் பனிமேட்டில், காணாமற்போன தோழரைத் தேடிக் கரம் சிங் என்பாரின் தலைமையிற் சென்ற போலீஸ் படையைச் சீனப் படையினர் தாக்கினர்; பதின்மர் மாண்டனர். அவர்தம் உடல்கள் நவம்பர் 13ஆம் நாளே திருப்பித் தரப்பட்டு, அவ்விடத்திலேயே எரியூட்டப்பட்டன. அன்றுமுதல் ஆண்டுதோறும் நாடெங்கும் போலீஸ் அணிவகுப்பில், அவ்வாண்டில் இறந்த காவலரின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்படுகின்றன. டெல்லியில் 2018ஆம் ஆண்டு அதே நாளில் திறக்கப்பட்ட தேசியப் போலீஸ் நினைவிடத்தில், முப்பதடி உயரக் கருங்கல் ஒன்று நிற்கின்றது. அதனை அடுத்த சுவரில் அப்பொழுது பொறிக்கப்பட்டிருந்த பெயர்கள் 34,844. அவற்றுள் மிகப் பல, நாம் கேட்டறியாத கான்ஸ்டபிள்மாரின் பெயர்களே.

கல்லிற் பெயர் பொறித்தல் மராட்டிய நாட்டார்க்குப் பழைய வழக்கு. நம் நடுகல் போல்வன ஆங்கும் ஊர்தோறும் உள. மும்பையின் வடபால், போரிவலியை அடுத்த ஏக்ஸரில், கடற்போரில் மாண்டாரைக் காட்டும் கற்கள், சிலாஹார மன்னர் காலத்தன, மரக்கலச் சிற்பங்களோடு இன்றும் காணப்படுகின்றன. அத்தகைய கற்களில் வீரன் படைக்கலம் ஓச்சிய கையினனாய் நிற்பான். ஓம்ப்ளேக்குப் பழைய சிற்பி ஒருவன் கல் செதுக்குவானாயின் என் செய்வான் என யாம் பன்முறை எண்ணியதுண்டு. ஓச்சிய வாளும் இல்லை, வில்லும் இல்லை. பிறன் படைக்கலத்தைப் பற்றி நிற்கும் வெறுங்கைகள் இரண்டையே அவன் செதுக்கவேண்டியிருக்கும்.

இன்னும் ஒரு சின்னம் உண்டு. அஃது எவரும் எதிர்பாராதது. மராட்டிய நாட்டிற் கண்டறியப்பட்ட சிறு சிலந்தி வகை ஒன்றுக்கு, 2021ஆம் ஆண்டில் விலங்கியலார் ‘ஐஸியஸ் துக்காராமி’ என்று பெயரிட்டனர். கல்லில் எழுதிய பெயரை மழை அழித்தாலும், அவ்வுயிர் உள்ளவரை விலங்கியல் நூலில் இப்பெயர் நிற்கும். அது பாய்ந்து பிடிக்கும் சிலந்தி இனத்தைச் சேர்ந்தது. இரை வந்து சிக்குமாறு வலை பின்னிக் காத்திருப்பதன்று. கண்ணாற் கண்டு, நெருங்கி, தானே பாய்ந்து பற்றுவது.